ரோண்டா வீட்டு வான்கோழி

ஒவ்வொரு அக்டோபர் கடைசியிலும் மார்லிஸின் பட்டியல் வந்துவிடும். முன்பு தபாலில் வந்தது, இப்போது மின்னஞ்சலில் வருகிறது, மாற்றம் அவ்வளவுதான். நவம்பர் கடைசியில் வருகிற நன்றி சொல்லும் பண்டிகையான தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு யார் என்ன கொண்டுவர வேண்டும் என்பது அதில் இருக்கும். வான்கோழி, அதன் வயிற்றுக்குள் திணிக்கிற ரொட்டிக் கலவை, கிரேவி மூன்றும் மார்லிஸ். மசித்த உருளைக்கிழங்கு அவள் மகள் ப்ரிட்டா. ஊறுகாய் வகையறா தம்பி ஹார்லன், ஏனென்றால் கல்யாணம் ஆகாதவனுக்குப் புட்டி திறக்கத் தெரிந்தால் போதும். கடைசி வரியில் "ரோண்டா: பன் (கடையில் வாங்கியது)" என்று இருக்கும்.

ரோண்டா அந்தக் குடும்பத்தின் மருமகள். மார்லிஸுக்கும் ஹார்லனுக்கும் நடுவில் பிறந்த லைலின் மனைவி. பன் கொண்டுவரச் சொன்னதில் அவளுக்குப் பெரிய வருத்தமில்லை. அந்த அடைப்புக்குறிதான் முப்பத்திரண்டு வருஷமாக உறுத்திக்கொண்டிருந்தது. தப்பித் தவறி வீட்டில் மாவு பிசைந்து எதையாவது செய்து தொலைத்துவிடாதே என்று நாத்தனார் எழுத்திலேயே கொடுக்கிற எச்சரிக்கை அது.

இத்தனைக்கும் அவள் பிழைப்பே சமையல்தான். ஹௌகன் லேக் பள்ளிக்கூடத்துச் சமையலறை அவள் பொறுப்பில் நடக்கிறது. தினமும் பதினொன்றரை மணிக்கு முந்நூறு பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நிற்கிறார்கள். இதுவரை ஒரு பிள்ளைக்கு வயிற்றுவலி வந்ததில்லை. முந்நூறு வயிறுகள் அவளை நம்புகின்றன. லைலின் குடும்பத்துப் பதினோரு வயிறுகள் நம்பவில்லை.

காரணம் ஒரு பொட்டலம். கல்யாணமான முதல் வருஷம், புது மருமகள் என்று வான்கோழிப் பொறுப்பை அவளிடம் கொடுத்தார்கள். கடையில் விற்கிற வான்கோழியின் வயிற்றுக்குள் ஈரல், இதயம், கழுத்து எல்லாவற்றையும் ஒரு காகிதப் பொட்டலமாகக் கட்டி வைத்திருப்பார்கள். அதை எடுத்துவிட்டுத்தான் அடுப்பில் வைக்க வேண்டும். இருபத்தைந்து வயது ரோண்டாவுக்கு இதை யாரும் சொல்லவில்லை. அன்று பார்த்துச் சபைப் போதகரையும் விருந்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். மாமனார் கத்தியைப் போட்டு வெட்டியதும் ஆவி பறக்கப் பொட்டலம் வெளியே வந்தது. "ஓ, பரிசுப் பொருளும் உண்டா!" என்றார் போதகர்.

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் அந்த ஒரு வாக்கியம் அவருடைய முப்பது வருஷப் பிரசங்கங்களைவிட அதிக நாள் ஊரில் நிலைத்துவிட்டது. ஒவ்வொரு வருஷமும் யாராவது அந்தக் கதையை எடுப்பார்கள், ஒவ்வொரு வருஷமும் பொட்டலம் கொஞ்சம் பெரிதாகும். போன வருஷம் கோர்டி சொன்ன கதையில் தீயணைப்பு வண்டிகூட வந்தது. கோர்டி மார்லிஸின் கணவன். பொட்டலம் வெளியே வந்த அன்றைக்கு அவன் அந்த வீட்டிலேயே இல்லை, காய்ச்சலில் படுத்திருந்தான்.

அமெரிக்காவின் வடக்கு ஓரத்தில் இருக்கிற எங்கள் மினசோட்டாப் பக்கத்து ஆட்களுக்கு ஒரு வியாதி உண்டு. மனதில் இருப்பதைச் சொல்ல மாட்டார்கள். வீடு பற்றி எரிந்தாலும் "இன்னைக்குக் கொஞ்சம் கதகதப்பா இருக்கே" என்பார்கள். ரோண்டாவும் அந்த மண்ணில் பிறந்தவள்தானே. "நானும் ஒரு நாள் சமைக்கிறேனே" என்று அவள் முப்பத்திரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. பன் வாங்கினாள், கொண்டுபோய்க் கொடுத்தாள், சிரித்தாள், வீட்டுக்கு வந்து லைலிடம் எரிந்து விழுந்தாள்.

இந்த வருஷம் மார்லிஸுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நடந்தது. நவம்பர் எட்டாம் தேதி மூட்டையே மாற்றிவிட்டார்கள், ஆறு வாரம் அடுப்படியில் நிற்கக் கூடாது. பண்டிகை இருபத்தெட்டாம் தேதி. என்ன செய்வது என்று குடும்பமே ஒரே தொலைபேசி அழைப்பில் கூடியது.

"எங்க வீடு சின்னது," என்றாள் ப்ரிட்டா.

"என் வீட்டுல மான் தோல் காயப் போட்டிருக்கேன்," என்றான் ஹார்லன்.

"ஓட்டலுக்குப் போயிடலாமா?" என்று கோர்டி கேட்டான். அந்தப் பக்கம் மார்லிஸ் மூச்சை இழுத்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அதற்கப்புறம் ஓட்டல் பேச்சே இல்லை.

லைல் சாதாரணமாக வாய் திறக்காத மனிதன். அன்றைக்கு என்ன வேகமோ, "எங்க வீட்டுல வெச்சுக்கலாம். ரோண்டா எல்லாம் பாத்துக்குவா," என்றான்.

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று ரோண்டா தொலைபேசியைப் பார்த்தாள்.

"வான்கோழியுமா?" என்று கடைசியில் மார்லிஸ் கேட்டாள்.

"ஆமா, வான்கோழியும்தான்," என்றாள் ரோண்டா.

"உனக்கு எதுக்கும்மா சிரமம். ஸ்கூல் வேலை வேற இருக்கு."

"சிரமமே இல்ல மார்லிஸ். நீங்க காலை நீட்டி உக்காருங்க, போதும்."

"சரி," என்றாள் மார்லிஸ். "நீ சொன்னா சரி." எங்கள் பக்கத்தில் இதற்கு அர்த்தம், ஆண்டவரே எங்களைக் காப்பாற்றும் என்பது.

தொலைபேசியை வைத்ததும் ரோண்டா நாட்காட்டியில் நாட்களை எண்ணினாள். இது ஒரு நாள் விருந்து இல்லை என்று அவளுக்குத் தெரியும். நன்றாக வந்தால் அடைப்புக்குறி ஒழியும், அவளும் இந்தக் குடும்பத்தில் கை வைத்துச் சமைக்கிற மனுஷி ஆவாள். சொதப்பினால் சாகிறவரைக்கும் பன்தான். சவப்பெட்டிக்குள்ளும் ஒரு டஜன் வைத்து அனுப்பினாலும் அனுப்புவார்கள்.

அவள் ஒத்திகை பார்த்தாள். மூன்று வாரத்தில் மூன்று வான்கோழிகள். முதலாவது மேலே கருகி உள்ளே சிவந்திருந்தது. இரண்டாவது சாப்பிடும்படி இருந்தது. மூன்றாவதில் தோலுக்கு அடியில் வெண்ணெயும் பூண்டும் தடவினாள். லைல் முதல் வாயைத் தின்றுவிட்டு எழுந்துபோய் ஜன்னல் ஓரமாக நின்றான். சாப்பாடு மிகவும் பிடித்துவிட்டால் அவன் அப்படிச் செய்வான், முகத்தை யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று. ஆனால் மூன்று பறவைகளை இரண்டு பேர் தின்று தீர்க்க வேண்டும். காலையில் வான்கோழி, மதியம் வான்கோழி ரொட்டி, ராத்திரி வான்கோழி சூப். மூன்றாவது வாரம் அவன் வேலை செய்யும் டிராக்டர் பட்டறையில் டிபன் பெட்டியைத் திறக்காமலேயே திருப்பிக் கொண்டுவந்தான்.

"பசிக்கல," என்றான்.

"பசிக்கலையா, பிடிக்கலையா?"

"கனவுல வருது ரோண்டா. துரத்துது."

பண்டிகை நாள் காலை எட்டு மணிக்கு இருபது பவுண்டு வான்கோழி அடுப்புக்குள் போனது. அதற்கு முன் ரோண்டா அதன் வயிற்றுக்குள் முழங்கை வரை கையை விட்டு மூன்று தடவை துழாவினாள். பிறகு கைவிளக்கைப் பிடித்துப் பார்த்தாள். திருப்தி இல்லாமல் லைலையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னாள். "காலி," என்றான் லைல், குகைக்குள் பார்ப்பவன்போல ஒரு கண்ணை மூடிக்கொண்டு. வான்கோழியின் தொடையில் வெப்பமானியைக் குத்தி, சூடு சரியான அளவுக்கு வந்ததும் கூவுகிற சின்னப் பெட்டியைத் தன் மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

பன்னிரண்டு மணியிலிருந்து பனி பெய்யத் தொடங்கியது. ஒவ்வொரு காராக வந்தது, ப்ரிட்டாவின் காரிலிருந்து அவள் புருஷனும் பிள்ளைகளும்கூட இறங்கினார்கள். வழக்கமாக எல்லோரும் காரை வாசலுக்கு நேராக நிறுத்திவிட்டு ஓடி வருவார்கள், குளிர் அப்படி. இன்று எல்லோரும் காரின் டிக்கி வீட்டுக்குத் தெரியாமல் தெருவைப் பார்க்கும்படி சுற்றி வளைத்து நிறுத்தினார்கள். கோர்டி மார்லிஸைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, "கார் பூட்டினேனான்னு பாத்துட்டு வரேன்," என்று திரும்பிப் போனான். எங்கள் ஊரில் காரைப் பூட்டினவன் யாருமில்லை. ரோண்டாவுக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். அவள் கவனமெல்லாம் அடுப்பில் இருந்தது.

வந்தவர்கள் ஒவ்வொருவராகச் சமையலறைக்குள் எட்டிப் பார்த்தார்கள்.

"வாசனை நல்லாத்தான் வருது," என்றான் கோர்டி. குரலில் இருந்த ஆச்சரியத்தை அவனால் மறைக்க முடியவில்லை.

"அத்தை, ஏதாவது ஒத்தாசை வேணுமா?" என்றாள் ப்ரிட்டா. "உள்ள... எல்லாம் பாத்துட்டீங்கல்ல?"

"பாத்துட்டேன்டி."

"நல்லாப் பாத்தீங்களா?"

"உன் மாமாவை விட்டும் பாத்தாச்சு. தலையைத்தான் உள்ள விடல."

ஹார்லன் மட்டும் எதுவும் கேட்கவில்லை. "அண்ணி, ஊறுகாய்," என்று நான்கு புட்டிகளை மேசைமேல் வைத்துவிட்டு, அவள் கண்ணைப் பார்க்காமல் நழுவினான். தொலைக்காட்சியில் கால்பந்து ஓடிக்கொண்டிருந்தது. ஆண்கள் அதன் முன் வரிசையாக உட்கார்ந்தார்கள். மார்லிஸ் ஒரு முக்காலியில் காலை நீட்டிக்கொண்டு சமையலறைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உள்ளேயும் வரவில்லை, ஒன்றும் கேட்கவுமில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை என்று ரோண்டாவுக்குத் தோன்றியது.

வெப்பமானி கூவ இன்னும் கால் மணி நேரம் இருந்தபோது, வண்டிக் கொட்டகையில் இருந்த குளிர்பானம் எடுக்க ரோண்டா பின்கதவு வழியாக வெளியே போனாள். அங்கேதான் ஹார்லனின் நாய் ரூடியைப் பார்த்தாள்.

ரூடி வேட்டை நாய். பறவை இருக்கிற புதரைக் கண்டால் ஒரு முன்காலைத் தூக்கி, மூக்கை நீட்டி, வாலை விறைத்துச் சிலையாக நின்றுவிடும் சாதி. பத்து வருஷத்தில் அது தப்பாக நின்றதில்லை என்று ஹார்லன் பெருமையடிப்பான். இப்போது அது கோர்டியின் காருக்குப் பின்னால், பனியில், ஒரு காலைத் தூக்கி நின்றுகொண்டிருந்தது.

"என்னடா ரூடி, அங்க என்ன?"

ரூடி அசையவில்லை. ரோண்டா டிக்கியைத் திறந்தாள். உள்ளே பெரிய ஐஸ் பெட்டி. அதன் மூடியைத் தூக்கினால் இரண்டு குளியல் துண்டுகள். துண்டுகளை விலக்கினால், மார்லிஸ் வீட்டு வெள்ளைப் பீங்கான் தட்டில், பொன்னிறமாக, ஆவி பறக்க, ஒரு முழு வான்கோழி.

அவளுக்கு முதலில் புரியவில்லை. மார்லிஸ் நிற்கவே முடியாதவள், எப்படிச் செய்தாள் என்றுதான் யோசித்தாள். அதற்குள் ரூடி ப்ரிட்டாவின் காருக்குப் பின்னால் போய்க் காலைத் தூக்கியது. அங்கே ஒரு கித்தான் பைக்குள் இன்னொன்று. ரோண்டா மேல்மூச்சு வாங்க ஹார்லனின் வண்டிக்குப் போனாள். புகையில் வாட்டிய வான்கோழி, செய்தித்தாளில் சுற்றி, வேட்டைத் துப்பாக்கிக்குப் பக்கத்தில் படுத்திருந்தது.

வாயில் வராத வார்த்தைகளெல்லாம் வந்தன. நல்லவேளை, கேட்க நாய் மட்டும்தான் இருந்தது. பரவாயில்லை, இவர்கள் புத்தி தெரிந்ததுதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டு திரும்பினாள். ரூடி இன்னும் வேலையை முடிக்கவில்லை. கொட்டகைக்குப் பக்கத்தில் நின்ற நீல நிற வண்டியைப் பார்த்து மறுபடியும் காலைத் தூக்கியிருந்தது. அது லைலின் வண்டி.

முன் இருக்கைக்கு அடியில், அவளுடைய சொந்தப் போர்வையில் சுற்றி, கடையில் வாட்டிய ஒரு வான்கோழி மார்புத் துண்டு இருந்தது. கடைக்காரன் ஒட்டிய சீட்டில் லைலின் பெயர் எழுதியிருந்தது.

ரோண்டா வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். மற்றவர்கள் செய்தது அவமானம். இது அப்படியில்லை, வலித்தது. மூன்று ஒத்திகை வான்கோழிகளையும் தின்றவன் இவன். ஜன்னல் ஓரமாகப் போய் நின்றவன். அவனுக்குமா நம்பிக்கையில்லை? மடியில் பொட்டலத்தை வைத்துக்கொண்டு அவள் சத்தமாக அழுதாள். எல்லோரும் வீட்டைப் பார்த்துப் போங்கள் என்று கத்திவிட்டு அடுப்பை அணைத்துவிடலாமா என்றுகூட நினைத்தாள். மேலங்கிப் பையில் வெப்பமானி கூவியது. அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். முப்பது வருஷச் சமையல்காரி. யார் மேல் எவ்வளவு கோபமிருந்தாலும் அடுப்பில் இருப்பதைக் காய விடமாட்டாள்.

வான்கோழியை வெளியே எடுத்து மூடி, ஆற விட்டாள். கிரேவி காய்ச்சினாள். பிறகு பின்கதவு வழியாக நான்கு நடை நடந்தாள். முன்னறையில் யாரோ பந்தைக் கோட்டைவிட்டுவிட்டான் போல. ஆண்களெல்லாம் கத்திக்கொண்டிருந்தார்கள், யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை.

"சாப்பிட வாங்க," என்று அவள் கூப்பிட்டபோது மணி இரண்டு.

வந்தவர்கள் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்கள். மேசை நடுவில் ரோண்டாவின் வான்கோழி இருந்தது. கோர்டியின் தட்டுக்கு நேராகக் கோர்டியின் வான்கோழி. ப்ரிட்டாவுக்கு நேராக அவளுடையது. ஹார்லனுக்கு முன்னால் செய்தித்தாளோடு புகை வான்கோழி. லைலின் இடத்தில் போர்வை மடித்து வைத்து அதன் மேல் மார்புத் துண்டு. உருளைக்கிழங்குக்கும் பூசணி இனிப்புக்கும் இடமில்லாமல் இஸ்திரி மேசையைக் கொண்டுவந்து பக்கத்தில் போட்டிருந்தாள்.

யார் முகத்திலும் ஈயாடவில்லை. வேறு ஊராக இருந்தால் இந்நேரம் ஒரு சண்டை வெடித்திருக்கும். எங்கள் ஆட்கள் சத்தம் போடாமல் அவரவர் நாற்காலியில் உட்கார்ந்து, தங்கள் எதிரில் ஒரு வான்கோழியும் இல்லாததுபோல மடியில் துணியை விரித்துக்கொண்டார்கள்.

"பனி கொஞ்சம் விட்டிருக்கு போல," என்றான் கோர்டி.

"செபம் பண்ணுவோம்," என்றாள் ரோண்டா.

செபம் முடிந்தது. அதற்கப்புறம் வழக்கப்படி, சாப்பாட்டில் கை வைப்பதற்கு முன், ஒவ்வொருவரும் இந்த வருஷம் எதற்காக நன்றி சொல்கிறோம் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஆரோக்கியம், பேரப்பிள்ளை, நல்ல மழை என்று சொல்லிவிட்டுத் தட்டை இழுக்கிற சடங்கு அது. ரோண்டா கைகட்டிக்கொண்டு கோர்டியைப் பார்த்தாள்.

கோர்டி எச்சில் விழுங்கினான். "நான்... வந்து... மார்லிஸோட மூட்டுக்கு நன்றி சொல்றேன்."

"இரு," என்றாள் மார்லிஸ். அவள் பார்வை தட்டின் மேல் இருந்தது. "அது என் அம்மா குடுத்த பீங்கான் தட்டாச்சே. இங்க எப்படி வந்தது?"

"அது... கடையில வாட்டிக் குடுத்தாங்க. அப்படியே கொண்டாந்தா மரியாதையா இருக்காதேன்னு..."

"நீ எதுக்குய்யா வான்கோழி கொண்டாந்தே? நான் உன்னைக் கொண்டாரச் சொன்னேனா?"

"நீ சொல்லல. ஆனா நீயும் கவலையாத்தானே இருந்தே?"

"நான் எப்பக் கவலைப்பட்டேன்? அடுத்தது யாரு, ப்ரிட்டாவா? உன் முன்னாடி இருக்கறது என்னடி?"

ப்ரிட்டா மேசைத்துணியின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். "அத்தைக்கு ஒரு ஒத்தாசையா இருக்கட்டுமேன்னுதான்மா..."

"நான் நாய்க்குன்னு கொண்டாந்தேன்," என்று ஹார்லன் யாரும் கேட்பதற்கு முன்பே சொன்னான்.

"பன்னெண்டு பவுண்டையா?"

"நல்லாத் தின்னுது அக்கா, இப்பல்லாம்."

லைலின் முறை வந்தது. அவன் போர்வையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பேசி யாரும் நீளமாகக் கேட்டதில்லை, அன்றைக்குக் கேட்டார்கள்.

"ரோண்டாவோட சமையல்ல எனக்கு சந்தேகமே கிடையாது," என்றான். "மூணு வான்கோழி தின்னவன் நான். நான் பயந்தது உங்களைப் பத்தி. அடுப்பு நின்னு போச்சு, கரண்ட் போச்சுன்னு ஏதாவது ஒண்ணு ஆனா, நீங்க இன்னும் முப்பது வருஷம் அதையே சொல்லிச் சொல்லிச் சிரிப்பீங்க. அந்தத் தடவை விருந்து முடிஞ்சு அவ கார்ல வீடு வர்ற வரைக்கும் அழுதா. அதை மறுபடி என்னால பாக்க முடியாது. அதான் ஒளிச்சு வெச்சேன்." கொஞ்சம் நிறுத்தி, "அதுவும் தப்புதான்," என்றான்.

ரோண்டாவின் கோபம் முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல முடியாது, ஆனால் பாதி போய்விட்டது.

"இப்ப நான்," என்றாள். "நான் ஹார்லனோட நாய்க்கு நன்றி சொல்றேன். இந்தக் குடும்பத்துலயே உள்ளதை உள்ளபடி காட்டினது அது ஒண்ணுதான். எனக்குக் கஷ்டமா இருக்கு. முப்பத்திரண்டு வருஷமா கஷ்டமா இருக்கு. ஒரு பொட்டலத்தை எடுக்க மறந்தேன், அவ்வளவுதான். அதுக்கப்புறம் எத்தனை ஆயிரம் பிள்ளைங்களுக்கு சோறு போட்டுட்டேன். நீங்க யாரும் ஒரு நாள்கூட 'ரோண்டா, நீ செய்யேன்'னு சொல்லல."

மனதில் இருப்பதைச் சாப்பாட்டு மேசையில் இப்படி வெளிப்படையாகப் போட்டு உடைத்தவர் அந்தக் குடும்பத்தில் அதுவரை இல்லை. ஹார்லன் அவசரமாக ஒரு ஊறுகாயை வாயில் போட்டுக்கொண்டான்.

அடுத்தது மார்லிஸ். அவள் ரோண்டாவையே வெறித்துப் பார்த்தாள்.

"நீ ஏன் கேக்கல?" என்றாள்.

"என்னது?"

"நான் செய்யறேன்னு நீ ஏன் ஒரு தடவைகூடக் கேக்கல? ஒவ்வொரு வருஷமும் பட்டியல் அனுப்பிட்டு, யாராவது போன் பண்ணி 'மார்லிஸ், இந்த வருஷம் எனக்குக் குடு'ன்னு சொல்ல மாட்டாங்களான்னு நான் காத்துக் கிடப்பேன். ஒரு நாதியும் கேக்கல. நாலு மணிக்கு எழுந்து செத்த பறவைக்குள்ள கையை விட்டுட்டு நிக்கறது எனக்குப் பிடிச்சு செய்யறேன்னு நினைச்சியா? எனக்கு வான்கோழியே பிடிக்காது."

"அப்ப எதுக்கு அடைப்புக்குறி போட்டீங்க? கடையில வாங்கினதுன்னு?"

"உனக்கு வேலை வைக்க வேண்டாம்னுதான்! ஸ்கூல்ல நின்னு நின்னு கால் வீங்கி வர்றியே, அதுவாவது மிச்சமாகட்டும்னு. நீ பன்னைக் குடுத்துட்டு நிம்மதியா டிவி முன்னாடி உக்காருவே. நான் அடுப்பாண்டையிலிருந்து உன்னைப் பாத்து வயிறெரிவேன், தெரியுமா?"

முப்பத்திரண்டு வருஷம் ஒரு கேள்வி கேட்காமல் வீணாகிவிட்டது என்று ரோண்டாவுக்குத் தோன்றியது. சிரிப்பதா, மேசையைக் கவிழ்ப்பதா என்று தெரியவில்லை.

"எனக்கு உன்னுதுல ஒரு துண்டு போடு," என்றாள் மார்லிஸ். "நடுவுல இருக்கறதுல."

ரோண்டா கத்தியை எடுத்தாள். முதல் வெட்டுக்குப் பதினோரு தலைகளும் ஒரே நேரத்தில் முன்னால் குனிந்தன. உள்ளே ஒன்றும் இல்லை. வெள்ளையாக, சாறு ஒழுக, துண்டு தட்டில் விழுந்தது. மார்லிஸ் அதைச் சின்னதாக வெட்டி, வாயில் வைத்து, மெதுவாக மென்றாள். கால்பந்துச் சத்தம் மட்டும் முன்னறையிலிருந்து கேட்டது.

"மோசமில்ல," என்றாள்.

கோர்டி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். எங்கள் பக்கத்தில் இதைவிட உயர்ந்த பாராட்டு கிடையாது. மார்லிஸின் அப்பா வாழ்நாளில் மூன்றே தடவைதான் அப்படிச் சொன்னார், மூன்று பிள்ளைகளும் பிறந்தபோது. அதிலும் ஹார்லன் பிறந்தபோது கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சொன்னார் என்பார்கள்.

அதற்கப்புறம் தட்டுகள் நீண்டன. எல்லாத் தட்டுகளும் நடுவில் இருந்ததை நோக்கியே நீண்டன. கோர்டி தன் எதிரில் இருந்ததை முழங்கையால் மெதுவாக ஒதுக்கித் தள்ளினான். ஹார்லன் மூன்று தடவை வாங்கினான். மூன்றாவது தடவை, "அண்ணி, அந்த தோல் கொஞ்சம்," என்று கேட்டான். ரோண்டா வெட்டிக்கொண்டும் கிரேவி ஊற்றிக்கொண்டும் சுற்றிச் சுற்றி வந்தாள். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாகக் கால் வலித்ததில்லை.

"அப்ப கிறிஸ்துமஸும் இங்கயே வெச்சிடலாம்," என்றாள் மார்லிஸ், தட்டை வழித்தபடி. "ஈஸ்டருக்குப் பன்றித் தொடைதான், அது ஒண்ணும் பெரிசில்ல. ஜூலை நாலாம் தேதிக்கு உங்க கொல்லைதான் வாட்டறதுக்குத் தோது. ப்ரிட்டா, எழுதிக்கோ."

"மார்லிஸ், எல்லாமேவா?" என்றாள் ரோண்டா.

"நீதானேம்மா கேட்டே."

ப்ரிட்டா எழுதிக்கொண்டாள். லைல், ஒரு விருந்துக்கு மூன்று ஒத்திகை என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, எண்ணுவதை நிறுத்திக்கொண்டான்.

நாலரைக்கு இருட்டத் தொடங்கியதும் கிளம்பினார்கள். எங்கள் ஊரில் கிளம்புகிறேன் என்று சொன்னதற்கும் கார் நகர்வதற்கும் நடுவில் முக்கால் மணி நேரம் ஆகும். மேசையில் ஒரு விடை, கதவில் ஒரு விடை, கார் ஜன்னலில் ஒரு விடை. கோர்டி பீங்கான் தட்டை மட்டும் காலியாகக் கேட்டு வாங்கிக்கொண்டான். மார்லிஸ் ஊன்றுகோலோடு படியிறங்கும்போது முணுமுணுப்பாகப் பாடிக்கொண்டு போனாள். அவள் பாடுவாள் என்பதே ரோண்டாவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

உள்ளே வந்து மேசையைப் பார்த்தாள். கோர்டியின் வான்கோழி முழுதாக இருந்தது, ப்ரிட்டாவுடையதும், ஹார்லனுடையதும். நடுத்தட்டில் மட்டும் எலும்பைத் தவிர ஒன்றுமில்லை. அந்த எலும்பையும் யாரோ சுத்தமாகச் சுரண்டியிருந்தார்கள். ஒவ்வொருவர் தட்டிலும் போட்டுக்கொண்டே இருந்ததில் தான் ஒரு வாய்கூடத் தின்னவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. பசி வயிற்றைக் கிள்ளியது.

லைல் தன் மார்புத் துண்டிலிருந்து ஒரு கீற்று வெட்டித் தட்டில் வைத்து அவள் முன் நகர்த்தினான். அவள் உட்கார்ந்து, ஷூவைக் கழற்றி எறிந்துவிட்டு, தின்றாள்.

"எப்படி இருக்கு?" என்று பயந்துகொண்டே கேட்டான்.

"கட்டை மாதிரி காஞ்சு கிடக்கு," என்றாள் ரோண்டா, முகமெல்லாம் சிரிப்பாக. "இன்னொரு துண்டு போடு."